மழையின் கணக்கும் மண்ணின் கணக்கும்

(மலையக நீரேந்துப் பகுதிகளின் வறட்சி பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலங்கையில் அதிக மழை பெய்யும் இடம் எது என்று கேட்டால் வட்டவளையின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில், ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பதிவாகிறது. ஒரு சதுர மீற்றர் நிலத்தின் மேல் ஓராண்டில் விழும் தண்ணீர் 5000 லீற்றர். அது ஓடாமலும் ஊறாமலும் நின்றுவிட்டால் மூன்று ஆள் உயரத்துக்கு நிற்கும். ஆனாலும் தை பிறந்து மாசி வரும்போது இந்தச் சரிவுகளில் ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் விரல் பருமனிலிருந்து நூலாக மெலிகிறது. லயத்துப் பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கிறார்கள். மேட்டுப்பக்கத்துத் தேயிலை வாடி, கொழுந்து விரியாமல் பஞ்சிலையாக நின்றுவிடுகிறது. மூன்று ஆள் உயரத் தண்ணீர் விழுந்த நிலத்தில், மழை நின்ற சில வாரங்களில் குடிக்கத் தண்ணீர் தேட வேண்டியிருப்பது ஏன்? இந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதுதான் இன்றைய உரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வறட்சியை நாம் இவ்வளவு காலமும் வானத்தை வைத்தே அளந்து வந்திருக்கிறோம். மலைநாட்டில் அதை நிலத்தை வைத்தும் அளக்க வேண்டும். இரண்டு மழைகளுக்கு இடையில் ஒரு சரிவு எத்தனை நாள் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது என்பதே உண்மையான அளவுகோல். அந்த நாட்கள் குறைந்துகொண்டு வருகின்றன என்பதே நம் முன் உள்ள ஆபத்து.

முதலில் இடத்தின் அமைப்பைப் பார்ப்போம். வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. அந்தக் காற்று மலைச்சுவரில் மோதி மேலெழும்போது குளிர்ந்து, சுமையை மேற்குச் சரிவில் இறக்கிவிடுகிறது. அதனால்தான் வட்டவளையில் 5000 மில்லிமீற்றரைத் தாண்டும் மழை, நேர்கோட்டில் 30 கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் உள்ள நுவரெலியாவில் 2000 மில்லிமீற்றரை ஒட்டி நின்றுவிடுகிறது. இந்த மலைத்தொடரின் முகடுகள் இரண்டு பேராறுகளைப் பிரிக்கின்றன. ஹட்டன் ஓயாவின் பக்கம் விழும் நீர் நாவலப்பிட்டிப் பக்கம் இறங்கி, மகாவலி கங்கையாகக் கம்பளை, பேராதனை வழியாகப் பொல்கொல்லைக்குச் செல்கிறது. முகட்டின் மறுபக்கத்தில் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களை நிரப்பி, களனி கங்கையாகக் கொழும்புக்கு இறங்குகின்றன. 1976 முதல் பொல்கொல்லையில் திருப்பிவிடப்படும் மகாவலி நீர், வடமத்திய வயல்களுக்குப் போகிறது. மீதி நீர் ஆற்றின் 335 கிலோமீற்றர் நெடும்பயணத்தை முடித்துத் திருகோணமலைக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. இந்த முகடுகளில் ஒரு மேகம் எப்படிப் பொழிகிறது என்பது அநுராதபுரத்து வயலுக்கும் கொழும்பின் குழாய்க்கும் நாட்டின் மின்விளக்குக்கும் உரிய செய்தி. ஆகவே இது ஒரு தோட்டத்து வழக்கு என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது.

வறட்சியைக் கணக்கிடுவோர் முதலில் கையில் எடுக்கும் கருவி சராசரி. வட்டவளையின் 5000 மில்லிமீற்றரைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்: மாதத்துக்கு ஏறத்தாழ 417 மில்லிமீற்றர். 1925-இல் தொடங்கப்பட்டு இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் ஆய்வாளர் எம். ஏ. விஜேரத்னவும் அவரோடு சேர்ந்தவர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, தேயிலைக்கு மிக உகந்த மாத மழை 223 முதல் 417 மில்லிமீற்றர் வரை என்று சொல்கிறது. சராசரியை நம்பினால் வட்டவளையில் ஒவ்வொரு மாதமும் தேயிலைக்கு உகந்த மாதமே! உண்மை அப்படி இல்லை. ஆனி, ஆடியில் மலை தாங்க முடியாத அளவுக்குப் பொழிகிறது. தை, மாசியில் வாரக்கணக்கில் ஒன்றும் இல்லை. மழை குறைந்த மாதத்தில் ஒவ்வொரு 100 மில்லிமீற்றர் குறைவுக்கும் ஹெக்டேயருக்கு 30 முதல் 80 கிலோ வரை ஆக்கத் தேயிலை இழக்கப்படலாம் என்று அதே ஆய்வு கணிக்கிறது. ஆனியில் கூடுதலாகப் பெய்த மழை மாசியின் இழப்பை ஈடு செய்வதில்லை. ஆண்டுக் கணக்கேட்டில் மட்டும்தான் அவை ஒன்றையொன்று ஈடு செய்கின்றன.

உலக வானிலை அமைப்பு நாடுகளுக்குப் பரிந்துரைத்திருக்கும் நியமப்படுத்திய மழைவீழ்ச்சிச் சுட்டெண்ணும் இந்தச் சிக்கலிலிருந்து முழுமையாகத் தப்பவில்லை. 1993-இல் அமெரிக்க ஆய்வாளர் மெக்கீயும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கிய இந்தச் சுட்டெண், ஓர் இடத்தில் குறிப்பிட்ட காலத்தில் பெய்த மழையை அதே இடத்தின் நீண்டகால வழக்கத்தோடு ஒப்பிடுகிறது. வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்கிறது. ஈரமான ஊரையும் வறண்ட ஊரையும் ஒரே தராசில் நிறுக்க உதவுவது அதன் பெரும் பலம். ஆனால் பன்னிரண்டு மாதச் சுட்டெண்ணில் வட்டவளையின் ஐந்து வார வறட்சி கண்ணுக்கே தெரியாது. முன்னும் பின்னும் பெய்த பெருமழை அதை மூடிவிடும். வெப்பம் கூடினால் நிலத்திலிருந்தும் இலையிலிருந்தும் கூடுதலாக ஆவியாகிப்போகும் நீரையும் அது கணக்கில் எடுப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே 2010-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் ஆவியாதலையும் சேர்த்துக் கணிக்கும் சுட்டெண்ணை முன்வைத்தார்கள். வானம் தந்ததிலிருந்து வானம் திரும்ப எடுத்துக்கொண்டதைக் கழிக்க வேண்டும் என்ற எளிய உண்மைதான் அதன் அடிப்படை.

சரி, மழை உண்மையில் குறைந்திருக்கிறதா? வளிமண்டலவியல் திணைக்களத்தைச் சேர்ந்த லால் சந்திரபால 1990களில் செய்த கணிப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 1931 முதல் 1960 வரையான முப்பது ஆண்டுகளோடு ஒப்பிட்டால், 1961 முதல் 1990 வரையான முப்பது ஆண்டுகளில் தீவின் சராசரி ஆண்டு மழை 144 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ 7 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் சராசரி வெப்பநிலை ஆண்டுக்கு 0.016 பாகை செல்சியஸ் வீதம் ஏறியது. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியர் சி. எம். மத்தும பண்டார முதலானோர் மலைநாட்டை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்தபோது, மேற்குச் சரிவிலும் உயர்மேட்டிலும் மழை, சிறப்பாகத் தென்மேற்குப் பருவமழை, குறைந்துவந்திருப்பதைக் கண்டார்கள். 1964 முதல் 1993 வரையான பதிவுகளை ஆராய்ந்த ஹேரத், ரத்நாயக்க ஆகியோர், மழையற்ற நாட்களின் தொடர்ச்சி நீண்டுவருவதையும் சுட்டிக்காட்டினார்கள். எனக்கு இந்தக் கடைசிக் கண்டுபிடிப்புத்தான் மிக முக்கியமானதாகப் படுகிறது. பீலி வற்றுவது தொடர்ந்து எத்தனை நாள் மழை இல்லை என்பதைப் பொறுத்ததே தவிர, ஆண்டுக்கு எத்தனை மில்லிமீற்றர் என்பதைப் பொறுத்ததல்ல.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நேர்மையான மறுப்பு. 1980களின் இறுதியிலிருந்து 2010களின் பிற்பகுதி வரையான பதிவுகளை எடுத்துக்கொண்ட அண்மைய ஆய்வுகள் நாட்டின் பல நிலையங்களில் மழை கூடியிருப்பதையே காட்டுகின்றன. அப்படியானால் மழை குறைகிறது என்ற பேச்சு பழங்கதை ஆகிவிட்டதா? இரண்டு முடிவுகளும் தத்தம் காலத்துக்குப் பொருந்துவனவே. மழைப்பதிவில் எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிக்கிறோம் என்பதைப் பொறுத்துப் போக்கின் திசையே மாறிவிடும். ஈரமான பத்தாண்டில் தொடங்கினால் இறக்கம் தெரியும். வறண்ட பத்தாண்டில் தொடங்கினால் ஏற்றம் தெரியும். ஒவ்வோர் ஆண்டையும் அதற்கு முந்திய எல்லா ஆண்டுகளோடும் ஒப்பிட்டு, ஏற்றம் எத்தனை, இறக்கம் எத்தனை என்று எண்ணும் மான்–கெண்டல் சோதனையும், கொடுக்கப்பட்ட ஆண்டுகளுக்குள் மட்டுமே தீர்ப்புச் சொல்லும். ஆகவே மொத்த மழை குறைந்தது என்ற ஒற்றைத் தூணில் நம் வாதத்தை நிறுத்தக் கூடாது. நாளை அந்தத் தூண் சரிந்தால் வறட்சியே இல்லை என்று சொல்லப் பலர் காத்திருக்கிறார்கள். மழை கூடினாலும் வறட்சி கூடலாம் என்பதைத்தான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். காற்று ஒரு பாகை வெப்பமானால் அது தாங்கக்கூடிய ஈரம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. ஈரத்தைக் கூடுதலாகத் தாங்கும் காற்று பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பெய்யாதபோது நிலத்திலிருந்து கூடுதலாக உறிஞ்சுகிறது. பெருமழையும் பெருவறட்சியும் ஒரே வெப்பத்தின் இரண்டு பிள்ளைகள்.

இதோடு பசிபிக் பெருங்கடலின் எல் நினோவும் சேர்கிறது. லரீஃப் சுபைர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் காட்டியிருப்பதுபோல, எல் நினோ ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மழை இலங்கையில் பொதுவாகக் கூடுகிறது. அடுத்து வரும் ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களில் குறைகிறது. மலைநாட்டில் ஏற்கெனவே மெலிந்த பருவம்தான் மேலும் மெலிகிறது. இதன் விலையை நாடு பலமுறை கொடுத்திருக்கிறது. 1991-இல் 24 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, வறட்சி தாக்கிய 1992-இல் 18 கோடி கிலோவுக்குச் சற்றுக் கீழே இறங்கியது. நான்கில் ஒரு பங்கு ஓராண்டில் போயிற்று. 1996-இல் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, பெரும்பாலும் நீர்மின்சாரத்தையே நம்பியிருந்த நாடு நீண்ட மின்வெட்டுகளைச் சந்தித்தது. 2015-இல் ஏறத்தாழ 33 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி 2016-இல் 29 கோடிச் சொச்சமாகச் சரிந்ததில், வறட்சியோடு வெள்ளத்துக்கும் களைகொல்லித் தடைக்கும் பங்கு உண்டு. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

இப்போது வாதத்தின் நடு முடிச்சுக்கு வருகிறேன். பேராதனைக்கு மேலே மகாவலிக்கு நீர் தரும் ஏறத்தாழ 1100 சதுர கிலோமீற்றர் பரப்பை எடுத்துக்கொண்டு, 1940 முதல் 1980 வரையான நாற்பது ஆண்டுப் பதிவுகளை மத்தும பண்டாரவும் குருப்புஆராச்சியும் ஆராய்ந்து 1988-இல் வெளியிட்டார்கள். வட்டவளையின் சரிவுகளும் அந்தப் பரப்புக்குள் அடங்கும். அவர்கள் கண்டது இது: மழை கூடவில்லை, சற்றுக் குறையும் போக்கே இருந்தது. ஆனால் பெய்த மழையில் ஆறாக ஓடிப்போன பங்கு தெளிவாகக் கூடியது. அதிலும் மழைக்காலத்தில் வெள்ளமாக ஓடியது கூடியது, வறண்ட காலத்தில் ஆற்றில் ஓடியது குறைந்தது. தகுந்த மண்பாதுகாப்பு இல்லாமல் தேயிலை நிலங்கள் ஆண்டுப்பயிர் நிலமாகவும் வீட்டுத்தோட்டமாகவும் மாறியதை இதற்குக் காரணமாகக் காட்டினார்கள். இதன் பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒரே மழை பெய்தாலும் நிலம் அதைப் பிடித்துவைக்கும் திறனை இழந்தால், அதே ஆறு ஆனியில் பெருகும், மாசியில் வற்றும். வெள்ளத்தைப் பற்றி ஒரு குழு, வறட்சியைப் பற்றி இன்னொரு குழு என்று நாம் அமைத்துக்கொண்டிருக்கிறோம். ஆற்றுக்கு இரண்டும் ஒரே நோய்.

அந்த நோயின் இருப்பிடம் மண். தேயிலை நிலத்தின் மண்ணரிப்பை ஆராய்ந்த கிருஷ்ணராஜா, மலைநாட்டுத் தேயிலைச் சரிவுகள் ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் மேல்மண்ணை இழந்திருக்கலாம் என்று 1985-இல் மதிப்பிட்டார். ஒரு முழ அளவுகூட இல்லையே என்று தோன்றலாம். ஒரு சிறிய கணக்குப் போடுவோம். ஒரு மீற்றர் ஆழமுள்ள நல்ல மண், செடி உறிஞ்சக்கூடிய நீராக 120 மில்லிமீற்றரைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். வெயில் நாளொன்றில் நிலமும் இலையும் சேர்ந்து 4 மில்லிமீற்றரை ஆவியாக்கினால், மழை நின்ற பிறகு 30 நாள் அந்தச் சேமிப்பு தாங்கும். மேலே 30 சென்ரிமீற்றரை வழித்து எடுத்துவிட்டால் மீதி 84 மில்லிமீற்றர், அதாவது 21 நாள். வானத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே வறட்சி ஒன்பது நாள் முன்கூட்டி வந்துவிட்டது. உண்மை இதைவிடக் கடுமையானது. இலைதழை மக்கிய மேல்மண்தான் நீரை அதிகம் தாங்குவது, மழையை உள்ளே இறங்க விடுவது. அது போனபின் எஞ்சும் இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காமல் வழிந்தோடுகிறது. வெப்பம் ஏறி நாளுக்கு 4 மில்லிமீற்றர் 5 ஆனால், அந்த 21 நாள் 17 நாளுக்குக் கீழே வந்துவிடும். வானமும் மண்ணும் இரண்டு பக்கமும் நின்று ஒரே கயிற்றை எரிக்கின்றன. ஆழமாக ஆணிவேர் இறக்கிய பழைய விதைத் தேயிலை ஓரளவு தாங்கிக்கொள்ளும். வெட்டுத்துண்டு நட்டுப் பெருக்கிய வீ.பீ. தேயிலையின் மேலோட்டமான வேர் முதலில் வாடுவதற்குக் காரணம் இதுவே.

இந்த அறிவு புதிதும் அல்ல. கோப்பிக்காகக் காடு அழிந்துகொண்டிருந்த 1873-இல், கியூ தாவரவியல் பூங்காவின் ஜோசப் ஹூக்கரின் எச்சரிக்கையைத் தொடர்ந்து 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பதற்குத் தடை வந்தது. தொலைநோக்குள்ள நடவடிக்கைதான். ஆனால் அது கோட்டை உயரத்தை வைத்துக் கிழித்தது. சரிவின் செங்குத்தையோ ஊற்றுக்கண்ணையோ அது பார்க்கவில்லை. 3300 அடி உயரத்தில், நாட்டின் மிகக் கடுமையான மழையைத் தாங்க வேண்டிய வட்டவளைச் சரிவுகள் அந்தக் கோட்டுக்குக் கீழே விடப்பட்டன. 1931-இல் மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை வந்தது, 1951-இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நோய் என்ன என்பதும் மருந்து என்ன என்பதும் எழுதப்பட்டுப் பல தலைமுறை ஆகிறது. குறை அறிவில் இல்லை.

மண்ணைப் பற்றிப் பேசினால், மரம் நட்டால் போதாதா என்று கேட்பார்கள். வேறு சிலர் நேர்மாறாக, மரம்தானே தண்ணீரைக் குடிக்கிறது என்பார்கள். இரண்டாவது கூற்றிலும் உண்மை இருக்கிறது. வளரும் மரம் நீரை உறிஞ்சி ஆவியாக்குகிறது. மலைச்சரிவுகளில் பைன், யூகலிப்டஸ் நட்ட இடங்களில் ஊற்று வற்றியது என்ற மக்களின் முறைப்பாட்டை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. நெதர்லாந்து நீரியலாளர் புரூயின்ஸீல் 2004-இல் வெப்பமண்டல நாடுகளின் ஆய்வுகளையெல்லாம் திரட்டி எழுதியபோது வந்த முடிவு இங்கே நமக்கு உதவும். மரம் குடிக்கும் நீரைவிட, மரத்தடி மண் கூடுதலாக உள்ளே இறக்கிச் சேமிக்கும் நீர் அதிகமானால்தான் கோடைகால ஊற்று பெருகும். குறைந்தால் வற்றும். மண் கெட்டுப்போன நிலத்தில் வேகமாக வளரும் ஓரினத் தோப்பை நட்டுவிட்டு ஊற்றை எதிர்பார்ப்பது வீண். ஓடைக்கரையிலும் ஊற்றுக்கண்ணைச் சுற்றியும் நாட்டு மரங்களும் கீழ்ச்செடிகளும் சருகும் சேர்ந்து பஞ்சுபோன்ற மண்ணை உண்டாக்க வேண்டும். எண்ண வேண்டியது எத்தனை கன்று நட்டோம் என்பதை அல்ல, எத்தனை அங்குல மண் உருவாயிற்று என்பதை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. சரிவில் தண்ணீரைத் தங்கவைத்தால் மண்சரிவு வராதா என்பதே அது. வட்டவளைக்கு இந்தக் கேள்வி ஏட்டுக்கேள்வி அல்ல. 1990களின் தொடக்கத்தில் இங்கே புகையிரதப் பாதை ஏறிச்செல்லும் சரிவே நகரத் தொடங்கியது. மலைக்குள் துளையிட்டு வடிகுழாய் செலுத்தி, உள்ளே தேங்கிய நிலத்தடி நீரை வெளியேற்றித்தான் அந்தச் சரிவை நிறுத்தினார்கள். 2014 ஒக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டில் செய்த அழிவையும் மறந்துவிட்டு எவரும் நீர்ச்சேமிப்பைப் பற்றிப் பேசக் கூடாது. ஆகவே விடையைத் தெளிவாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடங்கள் ஆபத்தானவை என்று காட்டும் சரிவுகளில் குழியும் குளமும் வெட்டக் கூடாது. அங்கே நீரைப் பத்திரமாக வடிக்க வேண்டும். மற்றச் சரிவுகளில் நீரை ஓரிடத்தில் தேக்காமல் பரப்பெங்கும் பரவவிட்டு, வேர் பிடித்த மேல்மண்ணில் தங்கவைக்க வேண்டும். பெருமழையில் சரிவு நகர்வதற்கு மனிதர் சேர்க்கும் காரணங்கள் பராமரிப்பின்றி அடைபட்ட கான்களும், மலையை வெட்டி அமைத்த பாதைகளும், ஓரிடத்தில் குவிந்து இறங்கும் வெள்ளமும் ஆகும். நீரைப் பரவவிடுவது சரிவுக்கும் நல்லது, ஊற்றுக்கும் நல்லது.

இந்த வேலையின் பெரும்பகுதி மண்வெட்டியால் செய்யும் வேலை. சமவுயரக் கோட்டை ஒட்டி மிக மெல்லிய சாய்வில் கான் வெட்டி, அதற்குள் சில அடிக்கு ஒன்றாக மண்தடுப்பு விட்டால், அது குழி குழியாக நின்று நீரைப் பிடிக்கிறது. அரித்துவரும் மண் அந்தக் குழிகளில் படிகிறது, மிஞ்சிய நீர் தடுப்பைத் தாண்டி மெல்ல வழிகிறது. படிந்த மண்ணை ஆண்டுதோறும் வாரித் தேயிலைத் தூரில் போட வேண்டும். கவ்வாத்து வெட்டிய கிளைகளை விறகுக்கோ வெளியிலோ கொண்டுபோகாமல் நிரைகளுக்கிடையில் பரப்ப வேண்டும். பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யுமுன் குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ ஒன்றரை, இரண்டு ஆண்டு வளர்த்து மண்ணைத் தேற்ற வேண்டும் என்பது தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பாடம். கான் வெட்டுக்கும் புல்லுக்கும் செலவழிக்கும் பணம் அந்த ஆண்டு வரவில் தெரியாது என்பதுதான் சிக்கல். 1992-இல் தோட்ட நிருவாகம் குத்தகை அடிப்படையில் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. குத்தகைக் காலம் தேயத்தேய, தனக்குப் பிறகு பலன் தரும் மண்ணில் முதலிட எந்த நிருவாகமும் தயங்கும். மண்ணின் ஆழத்தையும் ஓடைக்கரைக் காட்டையும் குத்தகையின் நிபந்தனையாக்குவது அரசின் கடமை. கீழே மின்சாரமும் பாசனமும் குடிநீரும் பெறுவோர், மேலே மண்ணைக் காப்பதற்கான செலவில் பங்கேற்பதும் நியாயமே.

உலகம் வெப்பமாவதற்கு நாம் காரணமில்லையே, பணக்கார நாடுகளின் புகைக்கு வட்டவளையின் கான் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் பாதி உண்மை. அந்த நீதியைக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் நான் காட்டிய கணக்கில் ஒன்பது நாளை எடுத்துக்கொண்டது மண். அந்த ஒன்பது நாளை மீட்பது நம் கையில் இருக்கிறது. வறட்சியில் முதலில் அடிபடுவது யார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கொழுந்து குறைந்தால் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் வேலைநாள் குறைகிறது, கிலோ குறைந்தால் கூலி குறைகிறது. அந்த வாரங்களிலேயே பீலியும் வற்றுகிறது. வேலை முடிந்து வரும் பெண் குடத்தோடு இன்னொரு மலையடிக்கு நடக்கிறாள். இரண்டு பேராறுகளின் ஊற்றுக்கண்ணில் இரு நூற்றாண்டை எட்டும் காலமாக உழைக்கும் மக்கள், தாம் மிதிக்கும் மண்ணில் உரிமையும் இல்லாமல், அந்த மண் தரும் தண்ணீருக்கும் கடைசி ஆளாக நிற்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. நீரேந்துப் பகுதியைக் காப்பவர் யார் என்ற கேள்விக்கு அவர்கள்தான் விடை. அவர்களுக்குக் காணியுரிமை கிடைப்பது நீரியலுக்கும் நல்லது.

முடிவாக, ஆய்வைப் பற்றி ஒரு வேண்டுகோள். மலைநாட்டின் பழமையான மழைப்பதிவுகள் பல தோட்டக் கந்தோர்களிலும் தொழிற்சாலைகளிலும் இருக்கின்றன. திறந்த வெளியில் ஓர் உருளை, அதற்குள் புனல், பக்கத்தில் அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குவளை. காலை எட்டரைக்கு ஒருவர் வந்து, சேர்ந்த நீரைக் குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேரே வைத்துப் பார்த்து ஏட்டில் எழுதுகிறார். இப்படித் தலைமுறை தலைமுறையாக எழுதிய ஏடுகளில் சில கறையான் அரிக்கும் நிலையில் இருக்கின்றன. உருளைக்குப் பக்கத்தில் மரம் வளர்ந்திருந்தால் அளவு குறையும், இடம் மாற்றியிருந்தால் தொடர்ச்சி கெடும், ஆகவே அவை நம்பத்தக்கவை அல்ல என்று சொல்வோர் உண்டு. அயல் தோட்டங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு அந்தப் பிழைகளைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அழிந்துபோன ஏட்டைத் திருத்தத்தான் வழி இல்லை. பல்கலைக்கழகங்களும் வளிமண்டலவியல் திணைக்களமும் தோட்ட நிருவாகங்களும் சேர்ந்து அவற்றைப் படியெடுத்துப் பொதுவில் வைக்க வேண்டும். ஆண்டு மொத்தத்தோடு, அந்த ஆண்டின் மிக நீண்ட மழையற்ற நாட்தொடர் எத்தனை என்பதையும் வெளியிட வேண்டும்.

பாடசாலை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இன்னும் எளியது. ஒரு வாளியும் ஒரு கடிகாரமும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டத்துப் பீலியின் கீழே வாளியை வைத்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில் குறித்துவையுங்கள். பக்கத்தில் அன்றைய திகதியையும், கடைசியாக மழை பெய்து எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள். மழை உருளை வானத்தின் கணக்கைச் சொல்லும். மண் எத்தனை நாள் தாங்குகிறது என்பதைப் பீலி சொல்லும். பத்து ஆண்டு அப்படி எழுதிய ஒரு கொப்பி உங்கள் பாடசாலையில் இருந்தால், இந்தச் சரிவு தேறுகிறதா தேய்கிறதா என்பதை வேறு எவரிடமும் கேட்க வேண்டியிருக்காது. வரும் தை மாதத்திலேயே தொடங்குங்கள்.